கிறிஸ்துமஸ் விருந்தில் சாலட்: கடைசிவரை அடுப்பைக் காணாத கிண்ணம்

மருத்துவமனை ஒன்றில் உணவியல் நிபுணராகப் பணியாற்றும் எனக்கு, டிசம்பர் பிறந்ததும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. கேக் ஒரு துண்டு சாப்பிடலாமா, வான்கோழியின் தோலை நீக்கிவிட வேண்டுமா, இனிப்பைத் தொடாமலே இருந்துவிடுவது நல்லதா என்றெல்லாம் கேட்பார்கள். சாலட்டைப் பற்றி மட்டும் எவரும் கேட்பதில்லை. காயும் பழமும் இலையும் சேர்ந்தது என்பதால் அது தானாகவே நல்லது என்னும் நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருக்கிறது. ஆனால் விருந்துக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வருபவர்களிடம், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், அது எவ்வளவு நேரம் மேசையில் இருந்தது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகும்போது, பேச்சு பலமுறை வந்து நின்ற இடம் இறைச்சித் தட்டு அன்று. அதன் அருகே மதியம் முதல் இரவு வரை யாரும் கவனிக்காமல் இருந்த சாலட் கிண்ணம்தான்.

அதற்குக் காரணம் எளிமையானது. விருந்து மேசையில் இருக்கும் முக்கிய உணவுகள் பரிமாறுவதற்குச் சற்று முன்புவரை அடுப்பில் இருந்தவை. சமையலறையில் நேர்ந்த சிறு பிழைகளை, அதாவது சரியாகக் கழுவாத கையையும் துடைக்காத பலகையையும், கடைசியில் கிடைக்கும் சூடு பெரும்பாலும் திருத்திவிடும். சாலட்டுக்கு அந்த வாய்ப்பே இல்லை. உருளைக்கிழங்கு, முட்டை, மக்ரோனி, கோழி போன்றவற்றை வேகவைத்துச் செய்யும் சாலட்டிலும்கூட, வேகவைத்த பிறகுதான் கை படுகிறது, கத்தி படுகிறது, கரண்டி படுகிறது. அதன்பின் மீண்டும் ஒருமுறை அது அடுப்பைப் பார்ப்பதில்லை. கடைசியாகத் தொட்ட கையில் என்ன இருந்ததோ அது விருந்தினரின் தட்டுவரை அப்படியே வந்து சேரும். ஆகவே கிறிஸ்துமஸ் சாலட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் நிறத்தையும் சுவையையும் மட்டும் பார்க்காமல், அது எவ்வளவு நேரம் மேசையில் நிற்கப்போகிறது, யார் யார் அதை உண்ணப்போகிறார்கள் என்னும் இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லி வருகிறேன்.

இந்தப் பண்டிகைக்கென்று வழிவழியாக வந்த சாலட்டுகள் இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை கண்டிருக்கின்றன. பின்லாந்தின் கிறிஸ்துமஸ் மேசையில் இடம்பெறும் ரொசொல்லி என்னும் சாலட்டில் வேகவைத்த பீட்ரூட், கேரட், உருளைக்கிழங்கு ஆகியவற்றுடன் ஊறுகாய் வெள்ளரியும் ஆப்பிளும் பொடியாக வெட்டிச் சேர்க்கப்படுகின்றன. பீட்ரூட் சாற்றால் இளஞ்சிவப்பாக்கிய க்ரீமைத் தனிக் கிண்ணத்தில் வைத்து வேண்டியவர் வேண்டிய அளவு ஊற்றிக்கொள்கிறார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தார் கிறிஸ்துமஸ் முன்னிரவுக்குச் செய்யும் 'இன்சலாத்தா தி ரின்ஃபோர்சோ'வில் வேகவைத்த காலிபிளவர், ஆலிவ், வினிகரில் ஊறிய மிளகாய், உப்பிட்ட நெத்திலி மீன் ஆகியவை சேர்கின்றன. ஜெர்மனியில் பல வீடுகளில் டிசம்பர் 24 இரவு உணவே உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான். செக் நாட்டில் பொரித்த கெண்டை மீனுடன் உருளைக்கிழங்கு சாலட் வைக்கிறார்கள். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். குளிர்காலத்தில் கிடைக்கக்கூடிய கிழங்கும் காலிபிளவர் போன்ற காயும்தான் அடிப்படை, பெரும்பாலும் வேகவைத்தவை, ஏதோ ஒரு புளிப்பு சேர்ந்தவை, முந்தைய நாளே செய்து வைத்தால் சுவை கூடுபவை. நுண்ணுயிரியல் பிறப்பதற்கு முன்பே, கிடைத்த பொருளையும் காலத்தின் குளிரையும் வைத்து நீண்ட விருந்துக்கு ஏற்ற உணவை அந்தச் சமையல்காரர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

இன்றைய விருந்து மேசைக்கு வருபவை வேறு. மெல்லிய இலைகள், வெட்டிய பழங்கள், முளைகட்டிய பயறு, மென்மையான சீஸ், க்ரீமில் குழைத்த பழக்கலவை ஆகியவை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அவை அரை மணி நேர உணவுக்காக உருவானவை. கிறிஸ்துமஸ் விருந்தோ அரை மணி நேரத்தில் முடிவதில்லை. பூமியின் தென்பாதியில் டிசம்பர் கோடைக்காலம் என்பதும், வடபாதியில் வெளியே பனி பெய்தாலும் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

உணவு நச்சாவதைப் பற்றிப் பேசும்போது நான் வலியுறுத்தும் எண்கள் இரண்டே இரண்டு. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் பாக்டீரியா பெருகும் என்பது ஒன்று; கெடக்கூடிய உணவை அந்த வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது மற்றொன்று. அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த 2 மணி நேரம் 1 மணி நேரமாகக் குறைகிறது. இது அதிகாரிகளின் அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கைச் சொல்வது என் வழக்கம். சாதகமான சூழலில் சில பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் 2 மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும். 4 மணி நேரத்தில் 4,096 ஆகும். நேரம் இரு மடங்கானால் ஆபத்தும் இரு மடங்காகும் என்றுதான் நம் மனம் கணக்குப் போடுகிறது. உண்மையில் அது இரு மடங்கில் நிற்பதில்லை. மேலும் இந்த 2 மணி நேரம் என்பது மேசையில் வைத்த நொடியிலிருந்து தொடங்குவதன்று. வெட்டிக் கலந்து சமையலறை மேடையில் வைத்திருந்த நேரம், வேறொரு வீட்டுக்கு எடுத்துச் சென்ற பயண நேரம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

மயோனைஸ் சேர்த்த சாலட்தான் சீக்கிரம் கெடும் என்னும் எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை மட்டுமே. கடையில் வாங்கும் மயோனைஸில் பாஸ்ச்சுரைஸ் செய்த, அதாவது கிருமிகள் அழியும் அளவு சூடாக்கிய, முட்டை பயன்படுத்தப்படுவதோடு, வினிகரின் புளிப்பால் அதன் பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறக்குறைய 4 அல்லது அதற்கும் கீழே இருக்கிறது; அந்தப் புளிப்பில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் பெருக இயலாது. ஆனால் அதை வெந்த உருளைக்கிழங்கிலோ கோழியிலோ கலந்தவுடன் புளிப்பு நீர்த்துவிடுகிறது, கிருமிக்கு வேண்டிய மாவுச்சத்தும் புரதமும் ஈரமும் கிடைத்துவிடுகின்றன. ஒருமுறை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர், உண்ட மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியுடன் வந்தார்கள். அந்த வீட்டில் மயோனைஸ் புட்டியைத்தான் குற்றவாளி என்று முடிவு செய்து தூக்கி எறிந்திருந்தார்கள். விசாரித்தபோது, வேகவைத்த உருளைக்கிழங்கைத் தோலுரித்து நறுக்கியவரின் விரலில் ஆறாத வெட்டுக்காயம் இருந்ததும், நறுக்கிய கிழங்கு பெரிய பாத்திரத்தில் மதியம் முழுவதும் வெளியிலேயே ஆறிக்கொண்டிருந்ததும் தெரியவந்தன. தோலிலும் மூக்கிலும் காயத்திலும் இயல்பாக வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா இத்தகைய உணவில் நச்சைச் சுரந்து வைத்துவிடும். பிறகு சூடாக்கினாலும் அந்த நச்சு எளிதில் அழியாது. உண்ட அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்குவது அதன் அடையாளம். அவர்களுக்கு நேர்ந்தது அதுதான் என்று ஆய்வகச் சோதனை எதுவும் உறுதி செய்யவில்லை. ஆனால் அறிகுறியும் நேரமும் அதையே காட்டின. விரலில் காயம் இருப்பவர் நீர்புகாத ஒட்டுப்பட்டையும் கையுறையும் அணிய வேண்டும், அல்லது சாலட் வேலையைப் பிறரிடம் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டிலேயே பச்சை முட்டையின் மஞ்சள் கருவை எண்ணெயுடன் அடித்து மயோனைஸோ சீசர் சாலட்டுக்கான டிரெஸ்ஸிங்கோ (சாலட்டின் மேல் ஊற்றும் கலவை) செய்பவர்களுக்கு மட்டும் என் அறிவுரை வேறு. விருந்தில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ முதியவரோ புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ இருந்தால், பாஸ்ச்சுரைஸ் செய்த முட்டையைத் தவிர வேறு எதையும் அதற்குப் பயன்படுத்தக்கூடாது. சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா முட்டை ஓட்டின் மேல் மட்டுமன்றி உள்ளேயும் இருக்கக்கூடும் என்பதால், ஓட்டைக் கழுவுவது இதற்குத் தீர்வாகாது.

உருளைக்கிழங்கு சாலட்டை நான் வேண்டாம் என்று சொல்வதாக எண்ண வேண்டாம். சரியாகச் செய்தால் அது கிறிஸ்துமஸுக்கு மிகப் பொருத்தமான துணை உணவு. கிழங்கு சூடாக இருக்கும்போதே வினிகரையும் உப்பையும் சேர்த்துவிட்டால் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறிய பிறகு சேர்த்தால் புளிப்பு மேலோடு நின்றுவிடும். பிறகு அதைக் குவியலாக வைக்காமல் அகலமான தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆழமான பாத்திரத்தில் வைத்தால் மேற்பகுதி சில்லென்று இருக்கும்போதும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். முழுவதும் குளிர்ந்த பின்னரே முட்டையும் மயோனைஸும் சேர வேண்டும்.

ஆனால் டிசம்பர் 24 அன்று குளிர்சாதனப் பெட்டியின் நிலைமை எப்படி இருக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். கேக்கும் இறைச்சியும் பானப் புட்டிகளும் அடைந்து கிடக்க, கதவு நிமிடத்துக்கொருமுறை திறந்து மூடப்பட, உள்ளே காற்று ஓட இடமின்றிப் போய், திருகியை எந்த எண்ணில் வைத்திருந்தாலும் வெப்பநிலை மெல்ல ஏறிவிடுகிறது. திருகியில் இருக்கும் எண் வெப்பநிலையைக் குறிப்பதன்று என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கிறது. சிறு வெப்பமானி ஒன்றை உள்ளே வைத்து, அது 5 டிகிரிக்குக் கீழே, முடிந்தால் 4 டிகிரியில் நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது. பானங்கள் கெடாதவை, அவற்றை வெளியே எடுத்து வாளியில் பனிக்கட்டியிட்டு வைத்துவிட்டால் சாலட்டுக்கு ஒரு தட்டு முழுவதும் கிடைக்கும். எளிய வேலைதான், ஆயினும் நான் சொல்லும் யோசனைகளில் மக்கள் உடனே நிறைவேற்றுவதும் இதைத்தான்.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 1981ஆம் ஆண்டு கனடாவின் கிழக்குக் கடற்கரை மாகாணங்களில் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவால் 41 பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த 41 பாதிப்புகளில் 34 கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் சார்ந்தவை. காரணம் தேடியவர்கள் சென்று சேர்ந்த இடம் கோல்ஸ்லா, அதாவது துருவிய முட்டைக்கோஸ் சாலட். நோயுற்ற ஆடுகள் இருந்த மந்தையின் எரு இடப்பட்ட வயலில் விளைந்த கோஸ், குளிரான கிடங்கில் நெடுநாள் வைக்கப்பட்டிருந்தது. மற்ற பல கிருமிகள் குளிரில் அடங்கிக் கிடக்கும். லிஸ்டீரியாவோ குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெதுவாகப் பெருகும். உணவின் வழியாக லிஸ்டீரியா பரவுகிறது என்பதை மருத்துவ உலகம் உறுதியாக ஏற்றதற்கு அந்தக் கோல்ஸ்லாவே காரணமாயிற்று. இதனால்தான், கர்ப்பிணிகள் வெளியில் தயாரித்து விற்கப்படும் கோல்ஸ்லா, உருளைக்கிழங்கு சாலட் போன்றவற்றையும், பாஸ்ச்சுரைஸ் செய்யாத பாலில் செய்த ஃபெட்டா, பிரி, நீலப் பூஞ்சை சீஸ் போன்றவை சேர்ந்த சாலட்டையும் தவிர்க்க வேண்டும் என்கிறோம். வீட்டில் புதிதாக வாங்கிய கோஸின் வெளி இலைகளை நீக்கி, கழுவி, அன்றே துருவிச் செய்ததை அவர்கள் உண்ணலாம்.

இலைகளைக் கழுவுவதில் இரண்டு விதமான தவறுகளைக் காண்கிறேன். ஒரு சாரார் நீரில் முக்கி எடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மறு சாரார் சோப்பும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுக் கழுவுகிறார்கள். இலையின் நுண்துளைகள் சோப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் அது கூடவே கூடாது. இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியிலோ சுழற்றும் வடிகூடையிலோ ஈரத்தை நீக்க வேண்டும். ஈரம் போனால்தான் டிரெஸ்ஸிங் இலையில் ஒட்டும். ஈரம் போனால்தான் இலை விரைவில் அழுகாமலும் இருக்கும். 'கழுவப்பட்டது, உடனே உண்ணலாம்' என்று அச்சிட்ட பையில் வரும் இலையை வீட்டுத் தொட்டியில் மறுபடி கழுவத் தேவையில்லை. வான்கோழி இருந்த தொட்டியில் கழுவினால் சுத்தமாக இருந்ததை நாமே அசுத்தமாக்குகிறோம். கழுவுவது கிருமியைக் குறைக்குமே தவிர முற்றிலும் நீக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோமேன் லெட்டூஸ் வழியாகப் பரவிய ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் தொற்றில் 200க்கும் மேற்பட்டோர் நோயுற்று 5 பேர் இறந்தார்கள். அத்தகைய அறிவிப்பு வெளியாகும்போது வீட்டில் இருக்கும் இலையைக் கழுவிச் சமாளிக்க முயலாமல் எறிந்துவிடுவதுதான் வழி.

வேலையின் வரிசை இதைவிடவும் முக்கியமானது. பச்சை இறைச்சியைத் தொடுவதற்கு முன்பே சாலட்டுக்கான காய்கறி வேலை முழுவதும் முடிந்து, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டுக்குப் போய்விட வேண்டும். இறைச்சி கீழ்த்தட்டில், நீர் சொட்டாத தட்டத்தில் இருக்கட்டும். காய் வெட்டும் பலகை தனி, இறைச்சி வெட்டும் பலகை தனி. வான்கோழியையோ கோழியையோ குழாயடியில் கழுவும் பழக்கத்தை விட்டுவிட்டால், தெறிக்கும் நீருடன் கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் அருகிலிருக்கும் இலைகளின் மேல் விழுவதும் நின்றுவிடும். அந்தக் கோழியிலுள்ள கிருமியை அடுப்பே பார்த்துக்கொள்ளும்.

முளைகட்டிய பயறை விருந்து சாலட்டில் பச்சையாகச் சேர்ப்பதை நான் ஆதரிப்பதில்லை, இதனால் சிலருக்கு என்மேல் வருத்தமும் உண்டு. 2011ஆம் ஆண்டு ஜெர்மனியை மையமாகக் கொண்டு பரவி, 3,800க்கும் மேற்பட்டோரை நோயில் தள்ளி 50க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன ஈ.கோலை தொற்றின் மூலம், முளைகட்டிய வெந்தயம்தான். விதைக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு கிருமிகளுக்கு, முளைகட்டுவதற்கான வெதுவெதுப்பும் ஈரமும் நாற்றங்கால்போல் ஆகிவிடுகின்றன. கழுவினாலும் அவை போவதில்லை. வேகவைத்துச் சேர்த்தால் எவருக்கும் கவலையில்லை. சிவப்பு ராஜ்மாவைச் சாலட்டில் சேர்ப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் குறைந்த சூட்டில் வேகவைத்தால் அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் அழியாது. டப்பாவில் வரும் ராஜ்மா ஏற்கெனவே நன்கு வெந்தது.

காயையும் கத்தியையும் இவ்வளவு பார்த்துவிட்டு, சமைப்பவரைப் பார்க்கத் தவறுகிறோம். குளிர்காலத்தில் பரவும் நோரோவைரஸ், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ளவரின் கையிலிருந்து சாலட்டுக்கும், சாலட்டிலிருந்து விருந்தினர் அனைவருக்கும் எளிதாகச் சென்றுவிடும். மதுசாரம் கலந்த கைத்தூய்மித் திரவம் அதன்மேல் அவ்வளவாகச் செயல்படாது; சோப்பும் நீரும்தான் வேண்டும். அறிகுறிகள் நின்ற பிறகும் குறைந்தது 48 மணி நேரம் அவர் பிறருக்கான உணவைத் தொடக்கூடாது. 'நேற்றுதான் சரியாயிற்று, இன்று நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு விருந்துக்கு சாலட் கலந்த அன்பானவர்களால் மொத்தக் குடும்பமும் படுத்த கதைகள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. அவர் மேசை அலங்காரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி, மேசையைச் சுற்றி அமர்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையே தொடக்கூடாது என்று எண்ணிக்கொண்டு பட்டினியாக உட்கார்ந்திருப்பார்கள். கேல், பசலைக்கீரை போன்றவற்றில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை; ஆனால் மருத்துவர் வேண்டுவது நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு கீரை என்பதைத்தான். ஆண்டு முழுவதும் தொடாத கேல் சாலட்டை ஒரே நாளில் இரண்டு கிண்ணம் உண்பதுதான் சிக்கல். கிரேப்ஃப்ரூட் சுளைகள் சேர்ந்த குளிர்கால சாலட் அதைவிட நுட்பமான ஆபத்து. 1989ஆம் ஆண்டு கனடாவில் ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்துடன் மது சேர்வதைக் குறித்த ஆய்வொன்றில், மதுவின் சுவையை மறைப்பதற்காகக் கொடுத்த கிரேப்ஃப்ரூட் சாறே இரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டியதாகத் தற்செயலாகத் தெரியவந்தது. குடல் சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழம் முடக்கிவிடுகிறது. சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளுக்கும், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர் எடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிப்பதால், மாத்திரையைக் காலையிலும் சாலட்டை இரவிலும் எடுத்துக்கொள்வது தப்பும் வழியன்று. பம்ப்ளிமாஸுக்கும் இதே குணம் உண்டு. சாதாரண இனிப்பு ஆரஞ்சுக்கு இல்லை. எனவே எல்லாருக்குமான கிண்ணத்தில் ஆரஞ்சையே போட்டுவிடுவது எளிது.

குறுக்கே வெட்டினால் நட்சத்திர வடிவில் வருவதால் நட்சத்திரப் பழத்தைச் சாலட்டின் மேல் அழகுக்காக அடுக்குகிறார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது நஞ்சு. உடலிலிருந்து வெளியேற முடியாமல் தேங்கும் அதன் நரம்பு நச்சு, நிற்காத விக்கலில் தொடங்கி மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுசெல்லக்கூடும். உங்கள் விருந்தில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒருவர் இருக்கிறார் என்றால் அந்தப் பழத்தை வாங்கவே வேண்டாம். வேறு எந்தக் கவனக்குறைவையும் மன்னிக்கலாம், இதை மன்னிக்க இயலாது. உருளைக்கிழங்கு, பீட்ரூட், பசலைக்கீரை, அவகாடோ ஆகியவற்றின் பொட்டாசியமும் அவருக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும் என்பதால், கோஸும் வெள்ளரியும் ஆப்பிளும் கொண்ட எளிய சாலட் ஒன்று மேசையில் இருப்பது அவருக்குச் செய்யும் நல்ல உபசாரம்.

ஆப்பிள், செலரி, மயோனைஸ், வால்நட் சேர்ந்த வால்டார்ஃப் சாலட் 1890களில் நியூயார்க் விடுதி ஒன்றில் பிறந்தபோது அதில் வால்நட் இல்லை, பின்னாளில்தான் சேர்ந்தது. இன்று அந்த ஒரே கிண்ணத்தில் முட்டை, செலரி, கொட்டை ஆகிய மூன்று ஒவ்வாமைப் பொருள்கள் இருக்கின்றன. மயோனைஸில் கடுகும் இருந்தால் நான்கு. கொட்டைகளைத் தனிக் கிண்ணத்தில் தனிக் கரண்டியுடன் வைப்பது சிறிய வேலை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த டிரெஸ்ஸிங் விரல் நுனியளவும் தரக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திராட்சையையும் செர்ரித் தக்காளியையும் நீளவாக்கில் நான்காக வெட்டித் தர வேண்டும். முழுக் கொட்டை கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு நான் சொல்வது சுருக்கமானது: மற்றவர்கள் இறைச்சியையும் கிழங்கையும் எடுக்கும்போது நீங்கள் முதலில் மாவுச்சத்தற்ற சாலட்டை ஒரு தட்டு உண்ணுங்கள். காய்கறியை முதலிலும் மாவுச்சத்தைப் பிறகும் உண்பதால் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடையைக் குறைப்பவர்கள் டிரெஸ்ஸிங்கை முழுவதும் விலக்குவது மட்டும் எனக்கு ஏற்பில்லை. கேரட், கீரை, தக்காளி ஆகியவற்றின் நிறமிச் சத்துகள் கொழுப்பில் கரைபவை. துளியும் எண்ணெய் இல்லாத சாலட்டிலிருந்து அவை உடலில் சரியாகச் சேர்வதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு என்பதை நினைவில் வைத்து, அளந்து ஊற்றினால் போதும். உப்பின் கதை வேறு: ஆலிவ், ஃபெட்டா, உப்பிட்ட நெத்திலி, வறுத்த பேக்கன் துண்டுகள் ஆகியவை ஒரே சாலட்டில் சேரும்போது, உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு வரம்பாகச் சொல்லும் 5 கிராம் உப்பின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடக்கூடும். இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் தனியாக உப்புச் சேர்க்க வேண்டாம்.

என்னிடம் கேட்டால், ஒரு கிறிஸ்துமஸ் மேசைக்கு இரண்டு சாலட் போதும். ஒன்று, சிவப்பு முட்டைக்கோஸை மெல்லியதாக வெட்டி, சிறிது உப்புப் போட்டுப் பிசறி, அரை மணி நேரம் கழித்து நீரைப் பிழிந்து, வினிகரும் எண்ணெயும் ஆரஞ்சுச் சுளையும் மாதுளை முத்துகளும் சேர்த்தது. உப்பு முன்பே நீரை இழுத்துவிடுவதால் அது மேசையில் சொதசொதப்பதில்லை. கோஸின் நிறமும் புளிப்புப் பட்டவுடன் மங்கிய ஊதாவிலிருந்து பளிச்சென்ற சிவப்புக்கு மாறுகிறது. மற்றொன்று, அடுப்பில் சுட்ட பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் கடுகு கலந்த வினிகர் டிரெஸ்ஸிங்கில் ஊறியது. இலைகள் கட்டாயம் வேண்டும் என்றால் லெட்டூஸுக்குப் பதிலாக கேலை எடுத்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுக் கையால் பிசைந்து வைத்தால் அது நெடுநேரம் வாடாது. பூண்டை எண்ணெயில் ஊறவைத்து டிரெஸ்ஸிங் செய்பவர்கள் அதை அன்றே செய்து அன்றே தீர்த்துவிட வேண்டும். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டை அறை வெப்பத்தில் வைத்தால் பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் உயிர்க்கொல்லி நச்சு உருவாகக்கூடும்.

பரிமாறும்போது பெரிய கிண்ணம் ஒன்றை நடுவில் வைத்து நாள் முழுவதும் நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் வழக்கமாக நடப்பது. பழையதன் மேல் புதியதைக் கொட்டினால் இரண்டும் பழையதாகிவிடும். சிறு கிண்ணங்களில் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே வைத்து, அது தீர்ந்ததும் அதை எடுத்துவிட்டு வேறொரு கிண்ணத்தைக் குளிரிலிருந்து கொண்டுவர வேண்டும். முட்டை, கோழி, மயோனைஸ், சீஸ் சேர்ந்த கிண்ணத்தை, பனிக்கட்டி பரப்பிய அகலமான தட்டத்தின் மேல் வைக்கலாம். நான் என் வீட்டில் கிண்ணத்தின் அடியில் சிறு காகிதத்தில் வெளியே வைத்த நேரத்தை எழுதி ஒட்டிவிடுவேன். விருந்தினர் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன், நேரம் ஆனதும் கிண்ணத்தை எடுத்துவிடுவேன்.

மிஞ்சியதில் 2 மணி நேரத்துக்குள் உள்ளே சென்றதை மட்டும் வைத்துக்கொண்டு 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள். அந்தக் கெடுவைத் தாண்டியதை மோந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நோய் தரும் கிருமிகள் பெரும்பாலும் மணத்தையும் சுவையையும் மாற்றுவதில்லை. கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் மறுநாள் சாலட் வேண்டாம், புதிதாக ஓர் ஆப்பிளை வெட்டிக் கொடுங்கள்.

பீட்ரூட் சாலட்டைப் பரிந்துரைத்த குற்றத்துக்காக, டிசம்பர் 26 காலையில் எனக்குத் தொலைபேசி அழைப்பு வருவதுண்டு. சிறுநீர் சிவப்பாகப் போகிறது, இரத்தமா என்று நடுங்கும் குரலில் கேட்பார்கள். பீட்ரூட்டின் நிறமி சிலருக்கு அப்படியே வெளியேறும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது நேரும். தீங்கில்லை, நீர் குடித்துவிட்டு ஓய்வெடுங்கள் என்பேன். பீட்ரூட் உண்ணாதவருக்குச் சிவந்தாலோ, இரண்டு நாளாகியும் நிறம் மாறாவிட்டாலோ, வலியோ காய்ச்சலோ சேர்ந்திருந்தாலோ, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.